கார்டில் என் பெயருக்குக் கீழே

இங்ஹாம், வடக்கு குயின்ஸ்லாந்து
9 ஜூன் 2019

அன்புள்ள மரீஸா,

நான் சுகம். முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் பெரிய மாமா மகன் ரெனாத்தோவுக்கு இந்த வருடம் ஏழு பண்ணைகளின் கரும்பை வெட்டித் தரும் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஆலைக்காரரே வீடு தேடி வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். அவன் தங்கை தனியேலா மருந்தாளுநர் பரீட்சையில் தேறிவிட்டாள். இனி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்கே மாத்திரை எண்ணித் தருவாள். சின்ன மாமா மகன் மத்தேயோ நீச்சலில் மாநிலத்திலேயே இரண்டாவது. முதலில் வந்தவன் இவனைவிட ஓரடி உயரம், அதைப் பேப்பரில் யாரும் எழுதவில்லை. அவன் தம்பி சென்ற ஞாயிறு தேவாலயத்தில் புதுநன்மை வாங்கினான். பூசை முழுக்க ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அப்புறம் நீ. பல்கலைக்கழகம் முடித்து, ஜிலாங்கில் பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உன் பாட்டி சிசிலியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று யாராவது சொன்னால் இந்த ஊரில் இப்போது நம்புவதில்லை.

இனி கெட்ட செய்தி. அது உன்னைப் பற்றியது.

செவ்வாய்க்கிழமை தபாலில் சர்க்காரிடமிருந்து எனக்குப் புது மெடிகேர் வைத்தியக் கார்டு வந்தது. பழைய கார்டுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பெயர். என்னுடையது. கீழே வெறும் பச்சை அட்டை.

உன் அம்மா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. இறுதிப் பூசை முடிந்த அதே வாரம் தாத்தாவும் நானும் ஆபீசுக்குப் போய் உன் பெயரை எங்கள் கார்டில் மூன்றாவது வரியில் போட்டு வாங்கினோம். பிறகு தாத்தா போனார், இரண்டாவது வரி போயிற்று. உன் வரி இருந்தது. டாக்டர் வீட்டில் கார்டை நீட்டும்போதெல்லாம் அங்கே இருக்கும் பெண், "மரீஸா எப்படி இருக்கா?" என்று கேட்பாள். இனி எதைப் பார்த்துக் கேட்பாள்?

போனில் கேட்டிருப்பேன். என் காதுக்குப் போன் ஒத்துவராது. நீ கத்த, நான் கத்த, பக்கத்து வீட்டு பீனாவுக்குக் கதை முழுவதும் தெரிந்துவிடும். அதனால் எழுது.

உன் நோன்னா, அம்மாவின் அம்மா,
அசுந்தா


ஜிலாங்
21 ஜூன் 2019

அன்புள்ள நோன்னா,

கார்டைப் பற்றி நானே சொல்லியிருக்க வேண்டும். புதுக் கார்டு உங்களுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய செய்தி: எனக்குப் பதினாறு வாரம். டிசம்பர் முதல் வாரத்தில் குழந்தை பிறக்கும்.

மூன்று மாதம் தாண்டட்டும், கண் படும் என்று நீங்களே சொல்வீர்கள். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் ஒன்று பதினோராம் வாரத்தில் தங்காமல் போய்விட்டது. உங்களிடம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்போது அரசு மருத்துவமனைக்குத்தான் போனேன். நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம். நடந்ததை ஒவ்வொரு முகத்திடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே டாக்டர் வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குத் தனியாரிடம்தான் போக வேண்டும்.

செலவு உண்டு. ஒவ்வொரு முறை பார்ப்பதற்கும் கட்டணம். இருபத்தெட்டாம் வாரம் வரும்போது பேறுகாலம் முழுவதையும் கவனிப்பதற்கென்று ஒரு பெரிய தொகை. ஒவ்வொன்றிலும் மெடிகேர் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மீதி நம் கையிலிருந்து. ஆனால் ஜனவரி முதல் டிசம்பர் வரை கையிலிருந்து போனது ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு கூடுதலாகத் திருப்பித் தருவார்கள். பாதுகாப்பு வலை என்று அதற்குப் பெயர். கணவன் மனைவியோ, எங்களைப் போலச் சேர்ந்து வாழ்பவர்களோ, இருவர் செலவும் ஒன்றாகச் சேர்ந்தால் வரம்பை எட்டுவது சுலபம். கேலமுக்கு மார்ச்சில் ஃபுட்பால் ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து, ஸ்கேன், எலும்பு டாக்டர் என்று ஏகப்பட்ட செலவு. கூரை வேலைக்காரருக்குக் கால் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அதனால் இரண்டு பேர் செலவும் சேர வேண்டும் என்றுதான் என் பெயரை எடுத்து அவருடன் ஒரே கார்டில் போட்டேன். விதி அப்படி. வேறு ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மரீஸா


இங்ஹாம்
4 ஜூலை 2019

மரீஸா கண்ணே,

டிசம்பர். நல்லது. டிசம்பரில் பிறந்தவர்கள் நம் குடும்பத்தில் யாரும் முட்டாள் இல்லை.

போன வருடம் நடந்ததை நீ எழுதிய வரியை நாலு தடவை படித்தேன். உன் சின்ன மாமாவுக்கு முன்னால் எனக்கும் ஒன்று அப்படிப் போனது. 1966, கரும்பு வெட்டும் காலம். மறுநாள் பதினாறு வெட்டுக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டேன். உன் தாத்தாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். நீயும் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இனி சண்டை. நான் நாலு பிள்ளைகளையும் இந்த ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். ஒரு காசு கொடுக்கவில்லை. இங்கிலீஷில் "வலி" என்ற ஒரு வார்த்தைதான் தெரியும், அது போதுமானதாக இருந்தது. உன் காரணம் எனக்குப் புரிகிறது, ஒரே முகம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் நீ எழுதிய கணக்கு புரியவில்லை. கணக்கு டீச்சர் எழுதியது, அப்படியும் புரியவில்லை. டாக்டர் கேட்டதில் பாதியைத் தருவார்களா? இல்லை, சர்க்கார் மனதில் தனியாக ஒரு விலை இருக்கிறதா? ஒரே கார்டில் இருந்தால்தான் செலவு சேரும் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? உனக்கு யார் சொன்னார்கள்? உன் நண்பரா?

அந்த நண்பரின் முழங்கால் சுகமாகட்டும். கல்யாணம் கேட்க உன் முன்னால் முழந்தாளிட வேண்டியிருக்குமே.

குழந்தை பிறந்து பணமெல்லாம் திரும்பி வந்த பிறகு உன் பெயரை மறுபடி என் கார்டில் போட்டுவிடு. குழந்தை பெயரையும் போடு. இடம் இருக்கிறது.

இத்துடன் சிவப்பு நாடா ஒன்று வைத்திருக்கிறேன். கண் படாமல் தொட்டிலில் கட்டுவதற்கு. இப்போதே கட்டாதே, பிறந்த பிறகு.

அசுந்தா


ஜிலாங்
25 ஜூலை 2019

நோன்னா,

அவர் பெயர் கேலம். நாலு வருடமாக அதுதான் பெயர். நாலு வருடமாக உங்கள் கடிதத்தில் அவர் நண்பர்.

தனியேலா போனில் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதீர்கள், பேச்சுவாக்கில் வாய் தவறி வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அனுப்பிய படத்தை மடித்துச் சட்டத்தில் வைத்திருக்கிறீர்களாம். நான் மட்டும் தெரிகிறேனாம், என் தோளில் யாருடையதோ ஒரு கை இருக்கிறதாம். உங்கள் சுவரில் கல்யாணம் ஆன ஜோடிகளுக்குத்தான் இடம் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் படத்தை அலமாரியில் போட்டிருக்கலாம். மடித்திருக்க வேண்டாம்.

இங்கே எதுவும் சரியாக இல்லை. கார்டு மாறி இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு பேர் செலவும் சேர்ந்து எப்போதோ வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனாலும் பழைய தொகைதான் திரும்பி வருகிறது. அவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. செப்டம்பரில் டாக்டரின் பெரிய கட்டணம். ஏதாவது கூடுதலாகத் திரும்பி வந்தால்தான் கட்ட முடியும். இல்லையென்றால் டாக்டரை விட்டுவிட்டு மறுபடி புது முகங்களிடம் போக வேண்டியதுதான்.

பணம் அனுப்பிவிடாதீர்கள், வாங்க மாட்டேன். கேலம் என்று எழுதக் கை வரும்போது எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

மரீஸா


இங்ஹாம்
20 ஆகஸ்ட் 2019

மரீஸா,

எழுத வேண்டாம் என்றாய். எண்பது வயதுக்காரிக்கு அப்படியெல்லாம் தவணை சொல்லக் கூடாது. படத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இது அவசரம், முழுவதும் படி.

நேற்று பூசைக்குப் போடும் நீல உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு பீனாவின் காரில் சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். நம்பர் சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னார்கள். ஒன்றேகால் மணி நேரம். பீனா கொண்டுவந்த பாதாம் பிஸ்கட்டைப் பக்கத்தில் இருந்த ஆறு பேருக்கும் கொடுத்து முடித்த பிறகு என் நம்பர் வந்தது. ஷெரில் என்று ஒரு பெண். முடியில் ஊதா சாயம், ஆனால் பொறுமைசாலி.

"உங்க கார்டு சரியாத்தானே இருக்கு, என்ன பிரச்சினை?" என்றாள்.

"சரியா இருந்தா நான் ஏன்டி தொப்பி போட்டுட்டு வர்றேன்?" என்றேன்.

உன் கதையைச் சொன்னேன். "பேத்தி கணக்கை நான் திறந்து காட்ட முடியாதும்மா. அவங்களே வந்தாதான். பொதுவா விதி என்னன்னு வேணா சொல்றேன்" என்றாள். அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். நான் கேட்டதும் அவள் சொன்னதும் எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன்.

டாக்டர் என்ன கேட்கிறார் என்பதைச் சர்க்கார் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் அவர்களிடம் சொந்தமாக ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. அந்த விலையில்தான் பங்கு. டாக்டர் தங்கத்தில் ஊசி போட்டாலும் அவர்கள் இரும்பு ஊசிக்குத்தான் தருவார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவு இந்த வலையில் வராது, அதற்கு உன் இன்சூரன்ஸ். வரம்பு தாண்டிய பிறகு கூடுதலாகத் தருவதிலும் பிரசவக் காரியங்களுக்கு உச்சம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதனால் பெரிய கட்டணம் அப்படியே திரும்பி வரும் என்று கனவு காணாதே. ஆனால் வரும். ஸ்கேனுக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், அவன் எலும்பு டாக்டருக்கும் சேர்த்துப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை என்றாள். ஜனவரி ஒன்றாம் தேதி கணக்கு மறுபடி பூஜ்யம்.

இப்போது கவனமாகக் கேள். நான் கேட்டேன்: "ரெண்டு பேரும் ஒரே கார்டுல இருந்தா செலவு சேர்ந்துடும்தானே?"

"சேராதும்மா. நிறைய பேரு அப்படித்தான் நெனச்சுட்டு இருக்காங்க. ஒரே கார்டுல இருந்தாலும் குடும்பம்னு தனியா பதியணும். ஒரு படிவம். பதியலேன்னா அவங்க செலவு தனி, இவங்க செலவு தனி."

என் அப்பா மீன்பிடிக்காரர், உனக்குத் தெரியும். இரண்டு சின்ன வலையைத் தனித்தனியாக வீசினால் இரண்டிலும் பாசிதான் வரும். ஓரத்தை முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும். நீ முடிச்சைப் போடவில்லை மரீஸா. கணக்கு டீச்சர், பல்கலைக்கழகம், எல்லாம் சரி. முடிச்சைப் போடவில்லை.

அடுத்து இதையும் கேட்டேன்: "வேற வேற கார்டுல இருந்தா பதிய முடியாதா?"

"தாராளமா முடியும். கார்டு வேற, பதிவு வேற."

பீனா என் முகத்தைப் பார்த்தாள். நான் தொப்பியைச் சரி செய்துகொண்டேன். அதாவது, என் கார்டிலிருந்து நீ போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. விதி அப்படி என்று எழுதினாய். விதி அப்படி இல்லை. இதற்கு நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டேன். குடும்பத்தில் யார் யார் என்றாள். ரெனாத்தோ, தனியேலா, மத்தேயோ என்று ஆரம்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இவ்ளோ பேரு இல்லம்மா! கல்யாணம் பண்ணவங்க, இல்லேன்னா சேர்ந்து வாழறவங்க, அவங்களை நம்பி இருக்கிற பிள்ளைங்க. அவ்ளோதான்."

"அப்போ நான்?"

"நீங்க தனி, பாட்டி."

தனி என்ற சொல்லை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பேத்தி கூட யாரு இருக்கறது?" என்று அடுத்துக் கேட்டாள். "ஒரு நண்பர்" என்றேன்.

"நண்பருக்கு இதுல கட்டம் இல்லையே பாட்டி."

அதற்குள் பீனா, காதில் ஒலிக்கருவி இல்லாத எனக்குக்கூடக் கேட்கும்படி, "நண்பராம்! ஏன்டி அசுந்தா, சும்மா வந்து காபி குடிச்சுட்டுப் போனதுக்கா வயித்துல புள்ளை?" என்றாள். உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அந்தப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே சிரித்தார்கள்.

சொன்னேன். கேலம் ஆண்ட்ரூ ரீட். காது கேட்காதவள் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஆபீஸ் முழுவதும் கேட்டிருக்கும். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். அவன் கையெழுத்துப் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து என் கைப்பையில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். ஆகஸ்ட் மாதத்தில் அது ஏன் கைப்பையில் இருந்தது என்று கேட்காதே.

படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் நான் நிரப்பியதன் மேல் பேனாவால் எழுதுங்கள். இரண்டு பேர் விவரமும் வேண்டும். பெரிய கட்டணத்துக்கு முன்னால் அனுப்பிவிடு. இந்த வருடத்துச் செலவெல்லாம் சேரும் என்றாள், ஆனால் தள்ளிப்போடாதே.

அசுந்தா


ஜிலாங்
14 செப்டம்பர் 2019

அன்புள்ள நோன்னா,

படிவம் வந்த அன்றே இரண்டு பேரும் உட்கார்ந்து உங்கள் பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினோம். கேலம் தன் பெயரை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பாட்டி கையெழுத்துல என் பேரு இவ்வளவு நல்லாருக்கே" என்றார். அந்தத் தாளைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

நேற்று இருபத்தெட்டாம் வாரம். கட்டணத்தைக் கட்டிவிட்டேன். பதிவு ஏறியிருந்ததால் இந்தத் தடவை கூடுதலாக வந்தது. நீங்கள் சொன்னபடி உச்சம் வரைதான். அதற்கு முந்தைய ஸ்கேன் செலவுக்கும் சேர்த்துப் பார்த்தால் டாக்டரை விட வேண்டிய அவசியமில்லை. என் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்க வரவேற்புல உங்க பாட்டிக்கு ஒரு வேலை போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

கார்டுக்குப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியும், நோன்னா. கார்டை மாற்றாமலே பதிந்து செலவைச் சேர்க்கலாம் என்று மாற்றும்போதே தெரியும். ஒரே கார்டில் இருந்தாலும் பதிய வேண்டும் என்பதுதான் தெரியாது. ஒரே கார்டு ஆனால் அது தானாக நடந்துவிடும் என்று நினைத்து, அதையே உங்களிடம் சாக்காகவும் சொன்னேன். போன வருடம் மருத்துவமனையில் என் கார்டைக் கேட்டார்கள். நீட்டினேன். என் பெயருக்கு மேலே உங்கள் பெயர். "உங்க கூட வந்திருக்கவர் பேரு இதுல இல்லையே, யாரு இவரு?" என்று அந்தப் பெண் சும்மாதான் கேட்டாள். கேலம் சுவர் ஓரமாக நின்றார். நண்பர் மாதிரி. அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த தடவை கார்டை நீட்டும்போது நாங்கள் மூன்று பேரும் அதில் இருக்க வேண்டும்.

உங்களிடம் அப்படியே சொல்லத் தைரியம் இல்லை. விதி என்று சொன்னால் சர்க்கார்மேல் கோபப்படுவீர்கள், என்மேல் இல்லை என்று நினைத்தேன். நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஆபீசுக்கே போவீர்கள் என்று யார் கண்டது?

உங்கள் கார்டுக்கு நான் திரும்பி வர மாட்டேன், நோன்னா. இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் மறுபடி பொய் ஆகிவிடும்.

உங்கள்
மரீஸா


இங்ஹாம்
19 டிசம்பர் 2019

என் மரீஸாவுக்கும் கேலமுக்கும்,

தந்தி மாதிரி தனியேலா ஓடிவந்து சொன்னாள். பெண். மூன்று கிலோ நானூறு. அதே டாக்டர் கையில். வாசலில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டினேன். இங்கே பிறக்காத குழந்தைக்கு இங்கே ரிப்பனா என்று பீனா கேட்டாள். பிறந்த ஊர் வேறு, வாசல் வேறு என்றேன். ஷெரிலிடம் கற்றது.

மூன்று மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. மீதி நாளெல்லாம் என்ன எழுதுவது என்று தெரியாமல் போயிற்று. சுவரோரமாக அவன் நின்றான் என்று எழுதியிருந்தாய். 1963-இல் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் உன் தாத்தாவும் அப்படித்தான் நின்றார். இங்கிலீஷ் தெரியாதவரிடம் யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வார்? தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாராம். நான் உள்ளே இருந்தேன், பார்க்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். வயதானவர்களுக்கு ஞாபகம் போகிறது என்கிறார்கள். இது எனக்கு நீ எழுதும் வரை ஞாபகம் வரவில்லை.

போன வாரம் டாக்டர் வீட்டில் கார்டை நீட்டினேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "மரீஸா எங்கே?" என்றாள். "அவளுக்குச் சொந்தமா கார்டு இருக்கு. அதுல மூணு பேரு" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன் போலிருக்கிறது, உள்ளே இருந்த டாக்டரும் எட்டிப் பார்த்தார். குழந்தை மூன்றாவது வரிதானே? நல்ல வரி அது. நீ வளர்ந்த வரி.

ரெனாத்தோ வெட்டு முடித்துவிட்டான், ஏழு பண்ணையும் மழைக்கு முன்னால். தனியேலா டவுன்ஸ்வில்லில் பெரிய மருந்துக்கடையில் சேர்ந்துவிட்டாள். மத்தேயோ அரை அங்குலம் வளர்ந்திருக்கிறான், அடுத்த வருடம் பார்க்கலாம். மரீஸா தாயாகிவிட்டாள். கேலம் மறுபடி கூரைமேல் ஏறிவிட்டான், முழங்கால் தாங்குகிறதாம். பூசை முடிந்து வெளியே வரும்போது இதே வரிசையில்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி கணக்கு பூஜ்யம் ஆகிறது, மறக்காதே. குழந்தையையும் அந்தக் குடும்பப் பதிவில் சேர்த்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள். சிவப்பு நாடாவை இப்போது கட்டலாம்.

படத்தைப் பற்றிப் பிறகு என்று எழுதியிருந்தேன். சட்டத்தைக் கழற்றி மடிப்பைப் பிரித்தேன். கனமான பைபிளுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தேன். துணியைப் போட்டு லேசாக இஸ்திரியும் போட்டுப் பார்த்தேன். கோடு போகவில்லை. சரியாக அவன் முகத்தின் நடுவில் விழுந்திருக்கிறது. அதை அப்படியே மாட்ட எனக்கு மனமில்லை. சுவரில் உன் அம்மாவின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன், ரெனாத்தோ அடித்துக் கொடுத்தான். புதுப் படம் ஒன்று அனுப்பு. மூன்று பேரும் இருக்கட்டும், கேலம் நடுவில். தபாலில் அனுப்பும்போது உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்து அனுப்பு, வழியில் யாரும் மடிக்காமல்.

அசுந்தா